கச்சான் காலத்தில் குளிர்நாடு தேடல்

கல்முனை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் கிழக்குக் கரையோரத்து மக்களுக்குக் காற்றின் இயல்பை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. கடலில் வள்ளம் செலுத்துவோரும் களத்தில் நெல் தூற்றுவோரும் காற்றின் போக்கை நோக்கியே தம் தொழிலை வகுத்துக்கொண்டவர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வந்து நிலத்தையும் உடலையும் வறட்டுவது கச்சான். பழந்தமிழில் மேல்காற்றுக்குக் கோடை என்று பெயர். வெயிற்காலத்துக்கும் கோடை என்பதே பெயர். காற்றின் பெயரும் பருவத்தின் பெயரும் ஒன்றாயிருப்பது சிந்திக்கத்தக்கது. திருக்கோவிலில் ஆடி மாதத்து நண்பகலில் மேற்கு நோக்கி ஒருகணம் நின்று பார்ப்பவர்க்கு அப்பெயர்ப் பொருத்தம் தானே விளங்கும்.

வைகாசி பிறந்தது முதல் புரட்டாதி வரை இக்கரையோரத்தில் கச்சானின் ஆட்சி நடைபெறும். கிணற்று நீர் கீழிறங்கும். வளவு மணல் காலைச் சுடும். இரவிலும் சுவர்கள் பகல் வெம்மையை விடமாட்டா. அக்காலத்தில் குளிர்ந்த இடமொன்றுக்குக் குடும்பத்துடன் சென்று இரண்டு மூன்று நாட்கள் தங்கி வரும் வழக்கம் முன்னர் வசதி படைத்தோருக்கே உரியதாயிருந்தது. இன்று திருக்கோவில் ஆசிரியரும், அக்கரைப்பற்றுக் கடைக்காரரும், நிந்தவூர் வயற்காரரும், சாய்ந்தமருது இலிகிதரும் அயல் வீட்டாருடன் சேர்ந்து வாகனம் அமர்த்திக்கொண்டு புறப்படுகின்றனர். ஆண்டு முழுவதும் மிச்சம் பிடித்த பணம் அந்த மூன்று நாட்களில் செலவாகிவிடுகிறது. ஆகவே, எங்கே செல்வது, எப்பொழுது செல்வது என்பன எண்ணித் துணிய வேண்டிய வினாக்கள்.

இவ்வினாக்களுக்குப் பெரும்பாலோர் கூறும் விடை நுவரெலியா என்பதே. ஆனால் சித்திரையில் அங்கு செல்வோர் தங்க இடமின்றி அலைவதும், ஆடியில் செல்வோர் மழையில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்துவிட்டுத் திரும்புவதும் உண்டு. இதில் நுவரெலியாவைக் குறை கூறுவதற்கில்லை. அது தன் இயல்பில் நிற்கின்றது. மாதத்துக்கேற்ற மலைச்சரிவைத் தேர்ந்துகொள்ளாமையே குறை. இலங்கையின் மலைநாட்டுக்கு இரு முகங்கள் உண்டு. ஒரு முகம் மழையில் நனையும் மாதங்களில் மறுமுகம் வெயிலில் உலர்ந்து நிற்கும். இதனை அறிந்து புறப்படுவோரின் பணமும் நாளும் வீண்போவது அரிது.

இவ்விரு முகங்களும் உண்டாகும் வகையைச் சற்று நோக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துகொண்டு காலி, கொழும்புப் பக்கமாக நாட்டினுள் நுழைகிறது. நடுவே, 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலையைத் தலையாகக் கொண்ட மலைத்தொகுதி அதனை மறிக்கிறது. மலைமேல் ஏற ஏறக் காற்றுக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க இயலாது. ஆதலின் மழை பொழிகிறது. மேற்குச் சரிவிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரையும் கடந்து மழை பெய்வது இதனாலேயே.

இவ்வாறு ஈரத்தை இறக்கிவைத்த காற்று மலைமுடியைக் கடந்து கிழக்கே இறங்குகிறது. மழை பொழிந்துகொண்டு ஏறியபோது ஆயிரம் மீற்றருக்கு ஐந்தாறு பாகை அளவே அது குளிர்ந்தது. உலர்ந்து இறங்கும்போதோ ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழப் பத்துப் பாகை சூடேறுகிறது. எனவே மேற்குக் கரையில் ஏறத் தொடங்கியபோது இருந்ததைவிடக் கூடிய வெம்மையுடன் அது அம்பாறைச் சமவெளியை வந்தடைகிறது. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைச்சாரல்களிலும் இவ்வாறே வெம்மைக் காற்று இறங்குவதுண்டு. மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரையுள்ள கரையில் ஆனி, ஆடி மாதங்களில் பகல் வெப்பம் 33, 34 பாகை செல்சியஸ் வரை ஏறுவது வழமை. கடலிலிருந்து வரவேண்டிய குளிர்காற்றையும் கச்சான் எதிர்த்து நிற்கும். அது வலுத்து வீசும் நாட்களில் கடற்காற்றுக் கரையேறப் பிற்பகலாகிவிடும்.

இதே காற்றுக்கு மலையில் வேறொரு மதிப்பு உண்டு. மலைமுடிக்குக் கிழக்கே, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை ஆகிய ஊர்களைக் கொண்ட பகுதி ஊவா எனப்படும். தென்மேற்கு மழை அங்கே பெரும்பாலும் எட்டுவதில்லை. யூலை முதல் செப்டெம்பர் வரை உலர்ந்த கச்சான் ஊவாத் தோட்டங்களின் மேல் வீசும்போது தேயிலைக் கொழுந்தின் வளர்ச்சி தளர்ந்து மணம் செறிவடைகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனிப்பெயர் ஈட்டித் தந்தது அந்தப் பருவத்து மணமே. தேயிலை வணிகரும் அக்காற்றைக் கச்சான் என்னும் பெயராலேயே குறிப்பிடுகின்றனர். கரையில் வாழ்வோரை வாட்டும் காற்றும் ஊவாக் கொழுந்துக்கு மணமூட்டும் காற்றும் ஒன்றே என்பதை எண்ணினால் வியப்பு உண்டாகும்.

அவ்வாறாயின் அந்தக் காற்று ஊவாவையும் சுடவேண்டுமன்றோ என்று ஐயுறலாம். அங்கே காற்று இறங்கத் தொடங்கியுள்ளதே ஒழிய இறங்கி முடியவில்லை. உயரமே ஊவாவைக் காக்கிறது. ஏறத்தாழ 150 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை வெப்பம் குறையும் என்னும் கணக்கு நினைவில் வைப்பதற்கு எளியது. பண்டாரவளையின் உயரம் ஏறக்குறைய 1,200 மீற்றர். கரையில் 34 பாகை வெயில் எரிக்கும் பகலில் அங்கே 26 பாகை அளவே இருக்கும் என எதிர்பார்க்கலாம். அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகை அளவினது.

இக்கணக்கினால் வேறு சில மயக்கங்களும் தீரும். கண்டி மலைநாட்டின் தலைநகர் என்பதனால் அங்கு குளிரும் மிகுதி என எண்ணுவோர் உளர். அந்நகர் 500 மீற்றர் அளவே உயர்ந்தது. கரையோரத்துக்கும் அதற்கும் மூன்று பாகை வேறுபாடுதான் உண்டு. எசல பெரஹராவைக் காண விரும்புவோர் ஆகஸ்டை ஒட்டிய அவ்விழா நாட்களில் கண்டிக்குச் செல்லட்டும். குளிர்ச்சி கருதிச் செல்லவேண்டா. பதுளையும் அத்தகையதே. மலைநாட்டுப் புகையிரதப் பாதை முடிவுறும் நகரமாயினும், 680 மீற்றர் உயரத்தில் மலைகளுக்கிடையே கிண்ணம்போல் அமைந்திருப்பதால் அங்கே பகல் வெம்மை தெரியும். பதுளைவரை வந்தவர் இன்னும் சிறிது தூரம் ஏறிப் பண்டாரவளையில் தங்குவதே முறை.

இனி, நுவரெலியாவுக்குச் சித்திரையில் செல்வது எவ்வாறு வழக்கமாயிற்று என்பதையும் அறிதல் வேண்டும். 1819ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை மருத்துவர் ஜோன் டேவி அவ்வுயர்ந்த சமவெளியைக் கண்டு, அதன் நல்ல காற்றைப் புகழ்ந்தார். 1820களின் பிற்பகுதியில் ஆள்பதி எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே தமக்கு மாளிகை அமைத்தார். நோயுற்ற படைவீரர் உடல்தேறும் நிலையமும் அங்கே அமைந்தது. 1848இல் வந்த சாமுவேல் பேக்கர் ஆங்கில நாட்டு வேளாண்மையை அங்கே பயிற்ற முயன்றார். ஆள்பதி வில்லியம் கிரகரியின் பெயர் தாங்கிய ஏரி 1873இல் தோன்றியது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை அடைந்தது. கொழும்பிலே வெயில் கடுமையாகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆளும் வகுப்பார் மலையேறினர். அவர்களுடைய குதிரைப் பந்தயமும் மலர்க் காட்சியும் புத்தாண்டு விடுமுறையோடு சேர்ந்து சித்திரைக் கொண்டாட்டமாக நிலைபெற்றன.

கொழும்பின் வெயிற்காலத்தை அளவாகக் கொண்டு எழுந்த வழக்கம் அது. மேற்குக் கரைக்கு மே மாத இறுதியில் மழை வந்து வெம்மை தணியும். கிழக்குக் கரைக்கோ அப்பொழுதுதான் வெம்மை தொடங்கும். தமிழகத்து ஏடுகளைப் படித்துப் பழகியோர் அக்கினி நட்சத்திரம் வரும் மே மாதமே மலைக்குச் செல்லும் காலம் எனக் கொள்வதும் இத்தகையதே. சென்னை அரசாங்கம் 1870 முதல் வெயிற்காலத்தில் உதகமண்டலத்துக்கு இடம்பெயர்ந்து ஆட்சி நடத்திய வழக்கத்தோடு வளர்ந்த எண்ணம் அது. நீலகிரியிலும் இரு முகங்கள் உண்டு. யூன், யூலை மாதங்களில் கூடலூர்ப் பக்கம் பெருமழை கொட்டும்போது கிழக்கு முகத்திலுள்ள கோத்தகிரியில் அத்துணை மழை இராது. அங்கே உதகைக்குக் கோத்தகிரி எவ்வாறோ, இங்கே நுவரெலியாவுக்குப் பண்டாரவளை அவ்வாறு எனக் கொள்ளலாம்.

திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை மக்களுக்கு ஊவா புதிய நாடுமன்று. புகையிரதமும் தார் வீதியும் தோன்றுவதற்கு மிக முன்னரே இக்கரையிலிருந்து தவளங்கள் மேற்கே சென்றன. உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளின் மேல் ஏற்றிக்கொண்டு, காட்டு வழியே கூட்டமாகச் சென்று, பாக்கு முதலிய மலைநாட்டுப் பண்டங்களைக் கொண்டு திரும்பியோர் பலர். அவருள் கிழக்குக் கரை முஸ்லிம் வணிகர் சிறப்பிடம் பெற்றனர். மாடுகள் இளைப்பாறிய ஆற்றங்கரைகளில் அவர்களும் இளைப்பாறினர். ஆங்கில ஆள்பதி நுவரெலியாவில் மாளிகை எழுப்புமுன்பே இக்கரையார் குளிர்நாட்டு வழியை அறிந்திருந்தனர்.

இன்றைய வழிகளும் எளியனவே. திருக்கோவிலிலிருந்து தெற்கே பொத்துவில் சென்று, அங்கிருந்து சியம்பலாண்டுவ, மொனராகலை வழியாக வெல்லவாயாவை அடைந்து, இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து எல்லவுக்கு ஏறி, அப்பால் பண்டாரவளையை அடையலாம். கல்முனையிலிருந்து புறப்படுவோர் அம்பாறை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்குச் செல்லலாம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை ஆகிய நகரங்களில் கோவில்களும் பள்ளிவாசல்களும் உண்டு. சைவ உணவும் ஹலால் உணவும் கிடைக்கும். தோட்டத்து மக்களின் மொழி தமிழே ஆதலால் வழி கேட்பதற்கும் தடையில்லை.

பண்டாரவளையின் குளிரை மிதமான குளிர் எனலாம். பகலில் வெயில் காயும். மாலையில் மெல்லிய கம்பளிச் சட்டை வேண்டியிருக்கும். முதியோரும் குழந்தைகளும் தாங்கக்கூடிய குளிர் அது. அண்மையிலுள்ள தியத்தலாவையின் காற்றை நல்லதெனக் கண்டே, 1900இல் தென்னாபிரிக்கப் போரில் சிறைப்பட்ட போவர்களுக்கு ஆங்கிலேயர் அங்கு முகாம் அமைத்தனர். அப்புத்தளையில் மலைவிளிம்பில் நின்று தெற்கே நோக்கினால் தாழ்ந்த வறண்ட நிலம் கடலை நோக்கி விரிந்து கிடப்பதைக் காணலாம். எல்லவையும் தெமோதரையையும் அடுத்த ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டில் அமைந்தது. யூலை, ஆகஸ்ட் மாதங்களில் எல்லவில் வெளிநாட்டார் கூட்டம் மிகுதியாதலால் வாடகையும் ஏறும். குடும்பத்துடன் செல்வோர் பண்டாரவளையிலோ வெலிமடைப் பக்கத்திலோ தங்கி, எல்லவைப் பகலில் கண்டு திரும்புவது சிக்கனம். நீர்வீழ்ச்சிகளைக் காணும் ஆவலுடையோர் ஒன்றை மறத்தலாகாது: மழையற்ற அம்மாதங்களில் ஊவாவின் அருவிகள் மெலிந்தே வீழும்.

இனி, யார் எப்பொழுது செல்லக்கூடும் என்பதை ஆராய்தல் வேண்டும். பெரும்போக வெள்ளாமை பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடையாகும். சிறுபோக விதைப்புக்கு முன் வயற்காரர் கையில் சிறிது பணமும் சிறிது ஓய்வும் இருப்பது அப்பொழுதே. மீன்பிடிக் குடும்பங்களின் நிலை வேறு. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் கச்சான் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். கரைவலை இழுக்கும் காலம் அது. அம்மாதங்களில் அவர்கள் ஊரைவிட்டுப் புறப்படுதல் அரிது. அரச பாடசாலைகளுக்குச் சித்திரையிலும் ஆகஸ்டிலும் விடுமுறை வருவது வழமை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புகால விடுமுறை உண்டு. நோன்போ ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முந்தி வருவது. 2026ஆம் ஆண்டுக்குரிய நோன்பு பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அமைவது. ஆதலின் கல்முனை வீட்டாரின் விடுமுறைக் கணக்கும் திருக்கோவில் வீட்டாரின் விடுமுறைக் கணக்கும் ஒன்றாயிருப்பதில்லை. திருக்கோவிலில் சித்திர வேலாயுத சுவாமி கோவிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடியும் வரையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட மனம் கொள்வாரும் சிலரே.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால் ஒரு நாட்காட்டி அமைகிறது. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஓய்வு கிடைப்போருக்கு நுவரெலியா ஏற்றது. அக்காலத்தில் வானம் தெளிந்திருக்கும். சித்திரை நெருக்கடி தொடங்கியிராது. 1861இல் சின்கோனாப் பயிருக்காக நிறுவப்பெற்ற ஹக்கலைப் பூங்காவையும் சீதா எலியவிலுள்ள சீதை அம்மன் கோவிலையும் நெரிசலின்றிக் காணலாம். இரவுக் குளிர் கடுமையாயிருக்கும் என்பதை மட்டும் மறத்தலாகாது. நோன்புப் பெருநாளை முடித்துக்கொண்டு மார்ச்சில் புறப்படும் குடும்பத்துக்கு இது பொருந்தும். சித்திரையில் செல்லவே வேண்டுவோர் புத்தாண்டு வாரத்தைத் தவிர்க்க வேண்டும். பிற்பகலில் இடியும் மழையும் வருதல் கூடுமாதலால் காலையிலேயே வெளியே சென்று திரும்பிவிட வேண்டும். யூன் முதல் ஆகஸ்ட் முடியும் வரை ஊவாவே தகும். ஆடி அமாவாசை கழிந்து, ஆகஸ்ட் விடுமுறையில் பண்டாரவளைக்குச் செல்லும் திருக்கோவில் குடும்பம், வெம்மை மிக்க காலத்தில் அண்மையான குளிரை நாடிச் செல்கிறது. ஒக்டோபருக்குப் பின் ஊவாவிலும் மழை வலுக்கும். கரையும் தானே குளிர்ந்துவிடும். அப்பொழுது பயணத்துக்குத் தேவையே இல்லை.

இடமும் காலமும் தேர்ந்த பின் பாதையைப் பற்றிய கவனம் வேண்டும். சமவெளி வீதியிலே பழகிய சாரதிக்கு மலை வீதி வேறு பாடம். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்லவிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கிய சுற்றுலாப் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். கிழக்குக் கரையார் சென்று திரும்பும் வழியும் அதுவே. இறக்கத்தைப் பகலிலேயே கடத்தல் வேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கி, தடுப்பை இடையறாது மிதித்துச் சூடாக்காது காத்தல் வேண்டும். ஒரே நாளில் ஏறி, பல இடங்களைப் பார்த்து, இரவோடிரவாகத் திரும்பும் திட்டத்தைக் கைவிடுதல் நலம். வாடகை மிச்சம் என்று கருதிச் செய்யும் அத்திட்டத்தில், தூக்கமற்ற சாரதியின் கையில் இரண்டு குடும்பங்களின் உயிர் ஒப்படைக்கப்படுகிறது.

மலையும் எக்காலத்தும் உறுதியாய் நிற்பதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகளை மண் மூடிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையால் மலைநாட்டின் பல பகுதிகளில் மண் சரிந்து பேரிழப்பு ஏற்பட்டது. வீதிகளும் புகையிரதப் பாதையும் சேதமுற்றன. ஆகவே புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், மண்சரிவைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கையையும் கேட்டறிதல் வேண்டும். புகையிரதத்தில் செல்ல விரும்புவோர் எந்த நிலையம் வரை வண்டி ஓடுகிறது என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தை ஒத்திவைப்பது விவேகம்.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். தொய்வு நோயுள்ள முதியவரை முதன்முறையிலேயே நுவரெலியாவின் இரவுக் குளிருக்குக் கொண்டு செல்வதைக் காட்டிலும் பண்டாரவளையில் தங்கவைப்பது நன்று. மருத்துவர் கொடுத்த மருந்தை மூட்டையின் அடியில் வைக்காது கைப்பையில் வைத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்குக் காதை மூடும் துணியும் காலுறையும் கரையூர்க் கடைகளிலேயே வாங்கிச் செல்லலாம். வளைவு மிக்க பாதையில் வயிறு நிறைய உண்டபின் ஏறுதல் தகாது. குளிரிலே தாகம் தெரியாதாயினும் நீர் பருகுவதைக் குறைத்தலும் தகாது.

மலையில் தங்கும் மூன்று நாட்களிலும் நினைவில் நிற்க வேண்டியது இன்னொன்று. அந்தப் பச்சைச் சரிவுகள் பூங்காக்களல்ல. அவை பல்லாயிரவர் உழைக்கும் களம். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து, காட்டை வெட்டிக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். விருந்தினருக்கு இன்பமாயிருக்கும் குளிர், லயன் அறையில் வாழும் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் எதிர்கொள்ள வேண்டிய குளிராகும். நிரையிலே கொழுந்து பறிக்கும் பெண்ணை அவளுடைய இசைவின்றிப் படம்பிடித்தல் பண்பன்று. தேயிலைச் செடிகளினூடே புகுந்து மிதித்தலும், உண்ட இலையையும் போத்தலையும் ஓடையில் எறிதலும் அவ்வாறே. தோட்டத்து வாயிலில் அவர்கள் விற்கும் மரக்கறியையும் பழத்தையும் பேரம் மிகுதியாகப் பேசாது வாங்குதல், சென்றவர் அந்நாட்டுக்குச் செய்யக்கூடிய சிறு மரியாதை.

செல்ல இயலாதோரை மறந்துவிட்டு இப்பேச்சை முடித்தல் பொருந்தாது. கரைவலை இழுப்போருக்கும், சிறுபோகத்துக்கு நீர் காவல் செய்வோருக்கும், நோயாளியை வீட்டில் வைத்திருப்போருக்கும் மலை எட்டாதது. அவர்கள் பகல் முழுவதும் மேற்கு யன்னல்களைச் சாத்தி வைத்து, கடற்காற்று வரும் மாலையில் கிழக்கு யன்னல்களைத் திறத்தல் பயன் தரும். வெறும் தகரத்துக்கு மேல் கிடுகு வேய்ந்தால் வீட்டினுள் வெம்மை குறையும். வளவின் மேற்கெல்லையில் வேம்பையோ புளியையோ நாட்டி வளர்த்தவர் கச்சானுக்கு ஒரு வேலி கட்டியவராவார். கதிர்காமத்துக்கு இக்கரை வழியாக ஆண்டுதோறும் நடந்து செல்லும் அடியார் கூட்டம், வெம்மை மிக்க அம்மாதங்களிலேயே செல்கிறது. அதிகாலையில் நடந்து, வெயில் ஏறியதும் மரநிழலிலும் ஆற்றங்கரையிலும் தங்கி, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் நடப்பது அவர்கள் முறை. வெயிற்காலத்தில் வேலையை வகுத்துக்கொள்வதற்கு அது நல்ல வழிகாட்டி.

அறுகம்குடாவில் அதே மாதங்களில் நிகழ்வதையும் நோக்கலாம். குளிர்நாட்டு மக்கள் கடல் கடந்து வந்து, மழையற்ற வானத்தையும் கச்சான் சீர்செய்து தரும் அலையையும் நாடி, பொத்துவிற் கரையில் வாரக்கணக்கில் தங்குகின்றனர். எந்த மாதத்தில் எந்தக் கரையில் எந்தக் காற்று வீசும் என்பதைத் தேர்ந்து கற்ற பின்னரே அவர்கள் புறப்படுகின்றனர். அக்காற்றைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த கரையோரத்து மக்களுக்கு அத்தகைய ஆராய்ச்சியும் வேண்டுவதில்லை. வாசலில் நின்று கச்சான் வரும் திசையைப் பார்த்து, அத்திசையிலுள்ள மலையின் அண்மைச் சரிவுக்கு ஏறினால் போதும். குளிர்நாடு அங்கே இருக்கிறது.